காட்டப் போகிற நாள்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரியை மருந்துக் கம்பெனி ரெப் டாக்டருக்குக் கொடுத்தார், டாக்டர் எனக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நெஞ்செரிச்சல் மாத்திரையின் படம். ஜனவரி முதல் மே வரை காலியாகக் கிடக்கிறது. போகட்டும், எனக்குத் தேவை மூன்று மாதம்தான்.

பத்தொன்பது வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் மெடிக்கல் வார்டு. முப்பத்திரண்டு கட்டில். ஏப்ரலில் தொண்ணூறு கிலோ மனுஷர் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது என் இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. மே முழுக்கப் படுக்கை, அதன் பிறகு மூன்று மாதம் யாரையும் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 31 வரை லீவு. செப்டம்பர் 1 வார்டுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் சும்மா இருந்தால் நான் அவருக்கே சார்ட் எழுத ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, என் வீட்டுக்காரர் ஞானதுரைதான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டர் சங்கரவடிவின் கிளினிக். டாக்டருக்கு வயது அறுபத்து மூன்று, குரலுக்கு முப்பது.

வேலையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எடை பார்க்கணும், பிரஷர் பார்க்கணும், ஊசி போடணும், புண்ணுக்குக் கட்டுப் போடணும், கூட்டம் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளணும். எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸிங் முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற வேலை. மூச்சு நிற்கப் போகிறவனின் நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடுகிறவள் நான். சரி, தொண்ணூற்றொரு நாள்.

ஜூன் 3

அறுபத்து நான்கு பேருக்கு எடை பார்த்தேன். சந்தையில் வெங்காயம் நிறுக்கிறவர்கூட இவ்வளவு நிறுத்திருக்க மாட்டார்.

ஜூன் 6, வெள்ளி

பழக்க தோஷம் போகவில்லை. யார் வந்தாலும் முதலில் "படுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இன்று காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மாவைப் படுக்க வைத்துவிட்டேன். அவர் மிரண்டுபோய், "எனக்கு அவ்வளவு முத்திப் போச்சா சிஸ்டர்?" என்று கேட்டார். வந்தது சளிக்கு.

டாக்டர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "எமிமா, இங்க இருக்கது ஒரே ஒரு கட்டில். வாரவங்களை எல்லாம் படுக்க வச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டில் போடணும்." காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், உள்ளுக்குள் எரிந்தது.

வார்டில் கட்டிலில் படுத்த ஆள் நம்முடைய ஆள். என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை எழுந்தார், வீட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். இங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள், கையை நீட்டுகிறார்கள், செருப்பை மாட்டுகிறார்கள். நான்கு நிமிஷம். முகம் மனதில் பதிவதற்குள் முதுகைப் பார்க்கிறேன்.

ஜூன் 11, புதன்

இங்கே சார்ட் கிடையாது. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அவரவர் வீட்டில் வைத்திருந்து, வரும்போது மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். சில நோட்டில் எண்ணெய், சில நோட்டில் பேரப்பிள்ளை வரைந்த யானை. இன்று வந்த ஒரு நோட்டில் மஞ்சள் பெயின்ட்.

நோட்டுக்காரர் பெயர் மாசானம். ஐம்பத்தேழு வயது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நகக்கண்ணில் நான்கு கலர். பிரஷர் 170/100. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன். தவறாமல் போடுவதாகச் சொன்னார், நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஒரு மாத்திரை பத்தவில்லை என்று டாக்டர் இரண்டாவது ஒன்று சேர்த்து எழுதினார். ரதவீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாடியும் பெயின்ட் அடிக்கும் வேலை ஆரம்பிக்கப் போகிறதாம். சாரத்தில் உச்சிக்கு ஏறுவது எப்போதும் தான்தான் என்று பெருமையாகச் சொன்னார். இருபத்தைந்து வயசுப் பையன்கள் கீழே நிற்பார்களாம்.

ஜூன் 19

லிடியா போன் பண்ணினாள். வார்டில் என்னோடு பன்னிரண்டு வருஷம் நின்றவள். புதன்கிழமை ஒரே நாளில் ஒன்பது அட்மிஷனாம், இரண்டு பேர்தான் டூட்டியாம். எனக்கு இங்கே போர் அடிக்கிறது, எப்போது திரும்புவேன் என்று இருக்கிறது என்று சொன்னேன்.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு" என்றார். என்ன புளுகு என்று கேட்டேன். நேற்று ராத்திரி சாப்பிடும்போது நான் முக்கால் மணி நேரம் கிளினிக் கதைதான் பேசினேனாம். வார்டில் இருந்த காலத்தில் சாப்பிடும்போதே தூங்கிவிடுவேனாம். இது ஒரு ஆராய்ச்சி.

ஜூன் 28

தொண்ணூற்றொன்றில் இருபத்தேழு போயாச்சு. ஊசி போடும் இடத்துக்குத் திரை கிடையாது. வீட்டில் சும்மா கிடந்த பச்சைத் துணியை வெட்டித் தைத்து மாட்டினேன். இருக்கிற வரைக்கும் ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான்.

ஜூலை 9, புதன்

மாசானம் அண்ணாச்சி வந்தார். 168/100. இரண்டு மாத்திரை போட்டும் அசையவில்லை. தவறாமல் போடுகிறீர்களா என்று மறுபடி கேட்டேன். வீட்டம்மா சாட்சி என்றார். டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு ராத்திரிக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை எழுதினார்.

போகும்போது அண்ணாச்சி, "டாக்டரம்மாட்ட காட்ட வார அன்னைக்கு மட்டும் உடம்பு கலகலன்னு இருக்கு சிஸ்டர். உங்க ரெண்டு பேரு கைராசி" என்றார். டாக்டரிடம் சொன்னேன். கைராசிக்குத் தனி பீஸ் வாங்கலாமா என்று யோசித்தோம்.

ஜூலை 16, புதன்

இன்று ஒரு அதிசயம். ரோஸ்மேரி அக்காவின் குதிகால் புண் மூடிவிட்டது. ஜூன் முதல் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் கட்டு மாற்றினேன். சர்க்கரைப் புண், முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு. சிவப்பு மாறி, ஓரம் வெளிறி, ஒவ்வொரு நூலாக உள்ளே நகர்ந்து, இன்று அங்கே தோல் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அவரும் தொட்டுப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால், பத்தொன்பது வருஷத்தில் ஒரு புண் முழுசாக ஆறி நான் பார்த்ததில்லை. வார்டில் பாதி ஆறும்போதே டிஸ்சார்ஜ் ஆகிவிடும், கட்டிலுக்கு அடுத்த ஆள் வந்துவிடும். பாதி பார்த்த சினிமா மாதிரி ஆயிரம் புண். அக்கா அவித்த நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். டாக்டரும் நானும் தோலை உரித்து உரித்துத் தின்றோம்.

ஜூலை 24

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸிங் சூப்பிரண்டு மேடம் பேசினார். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ரிடையர் ஆகிறாராம். செப்டம்பர் 1 நான் திரும்பும்போது இன்சார்ஜாகத் திரும்பலாமாம். இன்சார்ஜ் என்றால் தூக்க வேண்டாம், புரட்ட வேண்டாம், முப்பத்திரண்டு கட்டிலும் என் சொல்லில் நடக்கும். பத்து வருஷமாக நான் ஆசைப்பட்ட நாற்காலி. ரொம்ப சந்தோஷம் மேடம் என்றேன்.

ஜூலை 26

வீட்டுக்காரரிடம் இன்சார்ஜ் விஷயத்தை இன்றுதான் சொன்னேன். இரண்டு நாள் மறந்தே போய்விட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி மறந்தாய் என்றார். கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம் என்றேன். கூட்டம் இருந்தது உண்மைதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இடுப்பு வலிக்கிறது. இருந்தாலும் இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் பேச்சியம்மாள் என்று ஒரு அக்கா தகரம் கிழித்த காலோடு வந்தார். டி.டி. ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்தேன். மாசானம் அண்ணாச்சியின் வீட்டம்மா என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணாச்சி எப்படி இருக்கிறார், எந்த மாடி வரை வந்திருக்கிறார் என்று கேட்டேன். பேச்சியக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் மாடி ஏறி இரண்டு வாரம் ஆகிறதாம். சாரத்தில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறதாம். ஒருநாள் ஏணியில் பாதியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், இரண்டு பேர் ஏறி இறக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து கன்ட்ராக்டர் அவரை ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க உட்கார வைத்துவிட்டாராம். இந்த வேலை முடிவதற்குள் சரியாகாவிட்டால் இனிமேல் எந்த வேலைக்கும் கம்பிதான் என்றும் சொல்லிவிட்டாராம். டாக்டரிடம் சொல்லக் கூடாது என்று அண்ணாச்சி பேச்சியக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொன்னால் ஏறவே கூடாது என்று எழுதிவிடுவார்களே என்ற பயம்.

ஒன்றரை மணிக்குக் கிளினிக் மூடியதும் டாக்டரிடம் சொல்லிவிட்டு பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வண்டிமறிச்சான் கோயில் தாண்டி இரண்டாவது சந்து. அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நார்க்கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டார். எழாதீங்க, படுங்க என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். படுத்திருக்கையில் 108/70. நிற்க வைத்துப் பார்த்தேன், 90/60. மெஷின் கெட்டுப் போச்சோ என்று என் கையில் கட்டிப் பார்த்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கிளினிக்கில் 168 காட்டுகிற மனுஷர் வீட்டில் 90.

மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன். நாளைக்குக் கிளினிக் வர வேண்டிய நாள். டப்பாவின் அடியில் போன மாதத்து அட்டைகள் இரண்டு, சரியாகப் போட்டிருந்தால் எதுவும் மீதி இருக்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு மாத்திரை மிச்சம். சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டு அட்டையிலும் ஒரே மாதிரி இரண்டு.

"அண்ணாச்சி, இந்த ரெண்டு எதுக்கு?"

"அது போன மாசம் காட்ட வந்த நாளுல்லா. காட்டப் போற நாளும் அதுக்கு முந்தின நாளும் போட மாட்டேன். நாளைக்கு காட்டணும்ல, இன்னைக்கு காலையில மறந்தாப்புல கையில எடுத்துப் போட்டுட்டேன், அதான் பொம்பளை ஏசிக்கிட்டிருக்கா."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. காட்டப் போகிற நாளில் ஏன் போடக் கூடாது என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாத்திரையைப் போட்டுட்டுப் போனா நோய் பதுங்கிக்கிடும் சிஸ்டர். டாக்டரம்மா எப்படிக் கண்டுபிடிப்பாவ? உள்ள நிலவரத்தை உள்ளபடிதான காட்டணும். டாக்டர்ட்ட ஏமாத்தக் கூடாதுல்லா."

பேச்சியக்காவும் தலையாட்டினார். அவருடைய அண்ணன்கூட அப்படித்தானாம். தெருவிலே எல்லாரும் அப்படித்தானாம்.

ஆகவே இதுதான் நடந்தது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு நேர்மையாக வந்து கையை நீட்டியிருக்கிறார். நாங்கள் 170ஐப் பார்த்துப் பயந்து ஒவ்வொரு மாதமும் ஒரு மாத்திரை கூட்டியிருக்கிறோம். மற்ற இருபத்தாறு நாளும் அவர் மூன்றையும் தவறாமல் போட்டு, சாரத்தில் கண் இருட்டி நின்றிருக்கிறார். தவறாமல் போடுவதாகச் சொன்னது பொய்யே இல்லை. காட்டப் போகிற நாள் அவர் கணக்கில் சேராது.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த எண்களை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொல், நாளைக் காலையில் பழைய முதல் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வரச் சொல், ஏணிப் பக்கம் போகக் கூடாது என்றார். வாசலில் இறங்கும்போது அண்ணாச்சி, "அப்ப நான் ஏறலாமா ஏறக் கூடாதா சிஸ்டர்?" என்று கேட்டார். ஏறுவீங்க, இப்போ இல்லை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டருக்குக் கோபம். அண்ணாச்சி மேல் இல்லை, என் மேலும் இல்லை. முப்பத்தாறு வருஷப் பிராக்டிஸ் மேல். அண்ணாச்சி போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, "யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. ஒரு தடவை சறுக்கினா சரி, எத்தனை தடவை சறுக்கியிருக்கேன்னே எனக்குத் தெரியாதே எமிமா" என்றார். கண் கலங்கிவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

அண்ணாச்சிக்கு இனி ஒரே மாத்திரை. வாரம் ஒருநாள் மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போய்ப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்க வேண்டும். ஒரு மாதம் இறக்கம் இல்லாமல் நின்றால்தான் ஏணி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்றும் இன்றும் பிரஷருக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். மெஷினை எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. இன்று காலை போட்டாச்சா, எத்தனை மணிக்கு, எதோடு என்று கேட்டேன்.

பதின்மூன்று பேர் போடவில்லை. ரிடையர்டு தலைமையாசிரியர் ஒருவரும் அதில் அடக்கம். பரீட்சைக்குப் பிட் அடித்துக்கொண்டு போகலாமா சிஸ்டர் என்று என்னையே கேட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஒரே நினைப்பு. ஜூன் 11ஆம் தேதியே நான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை என்றால், வார்டில் கேட்கவே தேவையில்லை. மாத்திரையை நானே எடுத்து, நானே கையில் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, சார்ட்டில் டிக் போடுவேன். பத்தொன்பது வருஷம் அப்படிச் செய்தவளுக்கு, ஒரு மனுஷர் மாத்திரையைப் பற்றித் தனக்கென்று ஒரு நியாயம் வைத்திருப்பார் என்றே தோன்றவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். கடைசி இரண்டு வருஷம் வார்டில் எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. பன்னிரண்டாம் கட்டில், பதினேழாம் கட்டில் என்றுதான். என்ன சாப்பிட்டார், யார் வந்தார்கள் எல்லாம் தெரியும் என்று இந்த டைரியில்தான் எங்கேயோ பெருமை அடித்திருக்கிறேன். அது முதல் பத்து வருஷத்துக் கதை.

ஆகஸ்ட் 20, புதன்

அண்ணாச்சி வீட்டில் 130/82, நிற்கையில் 126/80. கண் இருட்டவில்லை. கம்பிக்கு அடித்து அடித்து முதுகு கூன் விழுகிறது என்று குறைபட்டார். பேச்சியக்கா சுக்குக் காப்பி கொடுத்தார். இப்போது தெருவில் நான் போனாலே நான்கு பேர் கையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஆகஸ்ட் 27

இன்சார்ஜ் விஷயத்தை டாக்டரிடம் இன்று சொன்னேன். ஏற்கெனவே தெரியுமாம், அவர்தான் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரர். போக வேண்டும் என்றால் போ, நல்ல வேலை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ போறதுக்கு முன்னால அந்தக் கேள்வியை எப்படிக் கேக்கணும்னு அடுத்து வாரவளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போ. நான் கேட்டா பயந்து 'போட்டாச்சு'ங்காங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வெள்ளை யூனிபார்மை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தேன். கரண்ட் இருந்தது, இஸ்திரிப் பெட்டி இருந்தது, நான்தான் போடவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மனுஷர் ஒன்றும் கேட்காமல் இருக்கும்போதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

பாளையங்கோட்டைக்குப் போனேன். சூப்பிரண்டு மேடம் சாப்பிடப் போயிருந்ததால் வார்டுக்கு ஏறினேன். அந்த வாசனை அடித்ததும் கால் தானாக நேராக நின்றது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த இடம் பிடிக்கும். லிடியா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இன்சார்ஜ் நாற்காலிக்குப் புது உறை போட்டு வைத்திருக்கிறாள். ஒரு தடவை உட்கார்ந்து பார் என்றாள். உட்கார்ந்தேன், நல்ல நாற்காலி.

பதினான்காம் கட்டிலில் வலது கை, கால் விழுந்த ஒருவர். ஐம்பது வயது இருக்கும். நான்கு நாள் முந்தி வந்தவர், விரல் கொஞ்சம் அசைய ஆரம்பித்திருக்கிறது, நடந்துவிடுவார் என்று பிசியோ சொல்லியிருக்கிறாராம். மூளையில் இரத்தக்குழாய் பிரச்சினை, பிரஷர் 220 என்று லிடியா சொன்னாள். அவருடைய மனைவி துண்டால் அவர் வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன். படுத்திருக்கிறவர் பெயர் சங்கிலி, ஊர் முக்கூடல்.

கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய் கேட்டுவிட்டது. விழுந்த அன்றைக்கு மாத்திரை போட்டிருந்தாரா அக்கா?

"எப்படிம்மா போடுவாரு? அன்னைக்கு டாக்டர்ட்ட காட்டப் போற நாளுல்லா. மூணு நாளா நிறுத்தி வச்சிருந்தாரு. அங்க பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே சாஞ்சிட்டாரு."

லிடியா என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நான் சொன்னேன், மொத்தக் கதையையும், கட்டில் பக்கத்தில் நின்றே சொன்னேன். அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அவர், "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

முப்பத்திரண்டு கட்டிலையும் திரும்பிப் பார்த்தேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் இங்கே எத்தனை பேர் காட்டப் போகிற நாளில் விழுந்து எங்களிடம் வந்தார்களோ. நாங்கள் நன்றாகப் பார்த்தோம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த பிறகுதான் பார்த்தோம்.

வேலையை விடுகிறேன் என்று மேடத்திடம் லெட்டர் எழுதிக் கொடுத்தேன். இடுப்பைக் காரணம் எழுதினேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. இன்சார்ஜ் பதவியை லிடியாவுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். லிடியா படியில் அழுதாள், நானும் அழுதேன், அப்புறம் இரண்டு பேரும் கேன்டீனில் போண்டா தின்றோம். புது ஆள் யார் வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதிவைப்பதாகவும், டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அப்படியா?" என்று நன்றாக ஆச்சரியப்பட்டார். நடிப்பு வராத மனுஷர்.

செப்டம்பர் 3, புதன்

அண்ணாச்சி கிளினிக் வந்தார். காலை ஏழு மணிக்கு மாத்திரை, இட்லிக்குப் பிறகு, வெந்நீரோடு என்று நான் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார். 128/80. நான்கு வாரமாக இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை.

அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை. "இது என் பிரஷர் இல்ல சிஸ்டர். மாத்திரையோட பிரஷர்" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு நோட்டில் எழுதி, எனக்குக் கேட்க வாசித்தார். முதலில் ஒரு வாரம் முதல் மாடி. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கண் இருட்டினால் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. அதன் பிறகு உச்சி. அண்ணாச்சி நோட்டை வாங்கி என்னிடம் நீட்டி, அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

செப்டம்பர் 5

கிளினிக் வாசலில் போர்டு மாட்டினோம். "மாத்திரை போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் டோக்கன்." டாக்டர் ஐடியா. அந்த ரிடையர்டு தலைமையாசிரியர் இது லஞ்சம் என்கிறார்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் பஸ் ஏற ரதவீதி வழியாக வரும்போது பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். இரண்டு மாடி முடிந்து, மூன்றாவது மாடியில் பாதிச் சுவர் மஞ்சள். அந்த மஞ்சளுக்கு முன்னால், மேல் பலகையில், இடுப்பில் கயிற்றோடு மாசானம் அண்ணாச்சி. இடது கையில் பக்கெட். குனிந்து முக்குகிறார், நிமிர்ந்து உருட்டுகிறார், மறுபடி குனிகிறார்.

கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். உயரத்தில் நிற்கிறவரைக் கீழேயிருந்து கூப்பிடக் கூடாது. எதிரே ஜூஸ் கடை நிழலில் நின்றேன். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. எத்தனை தடவை குனிந்தார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

டீ வந்தது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்தார். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து, எதையும் பிடிக்காமல் நின்று, டீ கிளாஸை வாங்கி, அண்ணாந்து தான் அடித்த சுவரைப் பார்த்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

கிளினிக்குக்கு முக்கால் மணி நேரம் லேட். பெஞ்சு நிறையக் கூட்டம். டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்டார்.

ஒரு பேஷண்ட் பக்கத்தில் நின்றிருந்தேன் டாக்டர் என்றேன்.